ஓ.டி.க்கு எடுத்தாச்சு!

மூன்று வருடம் இருக்கும். அப்போது நான் ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே கம்பெனி, அதே லைன்தான். எனக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது பிறந்திருந்தது. "இன்னும் இன்னாத்துக்குடி வேலைக்குப் போற?" என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை. பிரசவ லீவை முன்னாடியே தின்று தீர்த்துவிட்டால் பிறகு பிள்ளையோடு இருக்க நாள் குறையுமே என்பது என் எண்ணம். கம்பெனியிலும் நிற்கிற வேலையை மாற்றி, உட்கார்ந்து சரிபார்க்கிற இடத்தில் போட்டிருந்தார்கள்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனி. லாரி பாகங்கள் செய்கிற இடம். அவருக்கு நைட் என்றால் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று மாறி மாறி வரும். வாசலில் அவர் உள்ளே வர, நான் வெளியே போக, செருப்பு மாற்றுகிற நேரம்தான் எங்கள் குடும்பப் பேச்சு. அதிலும் பாதிப் பேச்சு "இன்னிக்கு ஓ.டி. இருக்கா?" என்பதுதான். ஓவர்டைம் என்று முழுசாகச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. ஷிப்ட் முடிந்த பிறகும் ஒருத்தியை நிறுத்திக்கொண்டால், "அவளை ஓ.டி.க்கு எடுத்துட்டாங்க" என்போம்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சூப்பர்வைசர் பழக்க தோஷத்தில் என்னிடமும், "ஓ.டி. நிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடினார். நான் இதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி கேக்கட்டும், கம்பெனி கேட்டுக்கே வந்துடுறேன்" என்றார். அந்த மனுஷனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்காது, தூக்கத்தில் இருக்கும். நைட் முடித்துத் தூங்குகிறவரை யார் எழுப்பினாலும் அன்றைக்கு அவர்கள் தலையெழுத்து.

அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். கடைசி டீ பிரேக் முடிந்து வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அடிவயிறு கல் மாதிரி இறுகிக்கொண்டது. சூட்டு வலி என்று நினைத்து ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். பிறகு எழுந்தால் ஸ்டூலில் ரத்தம். பக்கத்து ஸ்டூல்காரி, என் தோழி, ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், லைனே நின்றுவிட்டது. முதலுதவி அறைக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் 108 வண்டி வந்துவிட்டது.

என் செல்போன் லாக்கரிலேயே கிடந்தது. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் சட்டம். வண்டி கிளம்பிப் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

குன்றத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று என் மாமியார் முடிவு செய்து வைத்திருந்தார். "ஜி.எச்.லயா? ஊர் இன்னா சொல்லும்?" என்பார். 108 வண்டியில் உதவிக்கு வந்திருந்த தம்பி என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, ரத்த வங்கி, ஆபரேஷன் வசதி, கொழந்த டாக்டர் மூணும் ஒரே இடத்துல வேணும். கவர்மென்ட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் வுடறேன்" என்றான். எனக்கு ஊர் என்ன சொல்லும் என்ற கவலையெல்லாம் அப்போது இல்லை. சரிப்பா, சீக்கிரம் போ என்றேன்.

அரசு ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு வாசலாக அலைய வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வண்டிக் கதவு திறக்கும் முன்பே ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. ஒருத்தர் ஊசி குத்தினார், ஒருத்தர் ரத்தம் எடுத்தார், ஒருத்தர் என் வளையலைக் கழற்றி ஒரு உறையில் போட்டு என் பெயரை எழுதினார். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருந்த ஒரு லேடி டாக்டர், என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிய ஆரம்பித்திருக்கிறது, குழந்தையின் துடிப்பு குறைகிறது, இப்போதே ஆபரேஷன் செய்து எடுத்தாக வேண்டும். இன்னொன்றும் சொன்னார்.

"உனக்கு பி நெகட்டிவ். லேசுல கெடைக்காத ரத்தம். எங்ககிட்ட ஒரு பை இருக்கு. இன்னொண்ணு வேற ஆஸ்பத்திரியிலருந்து கெளம்பியிருக்கு, டிராஃபிக்ல எப்ப வரும்னு தெரியல. உங்க ஆளுங்க யாராவது ரத்தம் குடுக்க வந்தா எங்களுக்குத் தெம்பா இருக்கும். வீட்டுக்காரர் நம்பர் சொல்லு."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். சொன்னேன். கையெழுத்தை நானே போட்டேன். தியேட்டர் நர்ஸ் ஒருத்தர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரி போனிலிருந்து அவரைக் கூப்பிடப் போனார். கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோதே தூக்கத்தில் எடுக்காதவர், இந்த அக்கா நான்கைந்து தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லையாம். கடைசியில் எடுத்தார். இனி வருவது அந்த நர்ஸ் அக்காவும் என் வீட்டுக்காரரும் பிறகு தனித்தனியாக எனக்குச் சொன்னது.

"ஏங்க, உங்க வீட்டம்மாவ ஓ.டி.க்கு எடுத்தாச்சு. ஆளுகளக் கூட்டிக்கிட்டு உடனே வாங்க."

"இன்னாது? மாசமா கீறவள ஓ.டி.க்கு எடுத்துட்டீங்களா? யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அவ போடுவா! அவளுக்கு இன்னா தெரியும்? அதெல்லாம் முடியாது. இப்பவே வூட்டுக்கு அனுப்புங்க!"

இதற்கு நர்ஸ் அக்கா என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. நல்லவேளையாக லைன் கட்டாகிவிட்டது. அந்த அக்கா கோபத்தோடு தியேட்டருக்குள் வந்தபோது எனக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் என் தலை, அந்தப் பக்கம் டாக்டர்கள்.

"உன் வீட்டுக்காரரு என்ன ஆளும்மா? யாரைக் கேட்டு ஓ.டி.க்கு எடுத்தீங்கங்காரு. வீட்டுக்கு அனுப்புங்காரு!"

எனக்கு ஒரே விநாடியில் விளங்கிவிட்டது. அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யக்கா, அவுரு கம்பெனி ஓ.டி.ன்னு நெனச்சிக்கினாருக்கா" என்றேன்.

"கம்பெனியில எதுக்கும்மா ஆபரேஷன் தியேட்டர்?" என்று அந்த அக்கா கேட்டார்.

"ஓவர்டைம், சிஸ்டர்!" என்றார் டாக்டர். அவ்வளவுதான், மயக்க மருந்து கொடுத்தவர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் மட்டும் சட்டென்று, "நீ சிரிக்காதம்மா, வயிறு குலுங்குது. அப்புறம் எவ்ளோ வேணாலும் சிரி" என்று அதட்டினார். நர்ஸ் அக்கா திரும்பவும் போன் செய்ய ஓடினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, என் வீட்டுக்காரர் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அவர் அப்போது பைக்கில் இருந்தார். யாரோ ஒரு நல்ல மனசுள்ள பெண், என்னைக் கட்டாயப்படுத்தி ஓ.டி.க்கு எடுத்ததைப் பொறுக்க முடியாமல் ரகசியமாகத் தனக்குப் போன் செய்திருக்கிறாள் என்றும், ஆள் கூட்டிக்கொண்டு வரச் சொன்னது சண்டைக்குத்தான் என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். எங்கள் தெருவில் நைட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று சிநேகிதர்களை எழுப்பி, இரண்டு பைக்கில் நேராக எங்கள் கம்பெனி கேட்டுக்குப் போய் இறங்கியிருக்கிறார். ஒருத்தர் தூக்கக் கலக்கத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாராம்.

அது ஃபர்ஸ்ட் ஷிப்ட் விடுகிற நேரம். அந்த நேரத்தில் எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கம்பெனி பஸ்கள், எதிர்க் கம்பெனி பஸ்கள், அடுத்த கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒன்றன் பின்னால் ஒன்று. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, காக்கிச் சட்டை என்று ஜனம் ரோடு முழுக்க. அதற்கு நடுவில் நின்று இவர், "எவன்டா அவன் சூப்பர்வைசர்? மாசமா கீற பொண்ண ஓ.டி.க்கு எடுத்தவன் வெளிய வாடா!" என்று கத்தியிருக்கிறார். செக்யூரிட்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஷிப்ட் முடித்து லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு என் தோழி வெளியே வந்தவள், இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா! நீங்க இன்னும் இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"ஆஸ்பத்திரியா? ஓ.டி.ன்னு இல்ல போன் வந்துச்சு?"

"ஐயோ அண்ணா, அது ஆஸ்பத்திரி ஓ.டி.ண்ணா! ஆபரேஷன் தியேட்டரு!"

என் வீட்டுக்காரர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று வெளியே வந்த ஷிப்ட், உள்ளே போகிற ஷிப்ட் இரண்டும் பார்த்தன. அந்தச் சமயம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. நர்ஸ் அக்காதான். தோழிதான் அதை வாங்கிப் பேசினாள். குழந்தையை எடுத்தாச்சு, பெண் குழந்தை, அம்மாவுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை, பி நெகட்டிவ் ரத்தம் கொடுக்கிற ஆள் யாராவது இருந்தால் உடனே அனுப்புங்கள் என்றார்.

என் தோழி லைனில் வாயே திறக்காதவள். சூப்பர்வைசர் கேட்டால்கூட தலையை ஆட்டித்தான் பதில் சொல்வாள். அவள் அன்றைக்கு செக்யூரிட்டிக்காரர் கையைப் பிடித்து, "அண்ணா, விசில் ஊதுங்கண்ணா" என்றிருக்கிறாள். லாரியை நிறுத்துகிற அந்த விசிலை அவர் ஊத, நகர ஆரம்பித்த பஸ்கள் எல்லாம் அப்படி அப்படியே நின்றுவிட்டன. அவள் முன்னால் நின்ற பஸ் படியில் ஏறிக் கத்தினாளாம்:

"எல்லாரும் கழுத்துல கீற கார்டைத் திருப்பிப் பாருங்க! பி நெகட்டிவ் யாருன்னு பாருங்க! நம்ம பொண்ணு ஒண்ணு ஆஸ்பத்திரில கீது!"

எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கழுத்துக் கார்டின் பின்புறம் ரத்த வகை போட்டிருப்பார்கள். வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறோம், ஒருத்தரும் திருப்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த ரோடு முழுக்க கார்டைத் திருப்பியது. ஒருத்தர், "ஏய், நான் ஏ-வா? இத்தினி நாளா ஓ-ன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!" என்று ஆச்சரியப்பட்டாராம். பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எதிர்க் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒருத்தர் இறங்கி ஓடி வந்தார். தொப்பியும் முகக்கவசமுமாக இன்னும் ஓரிருவர். வகை பொருந்தாதவர்களும், "நாங்களும் வரோம், வேற யாருக்காவது ஆவும்ல" என்று இறங்கினார்கள். எல்லோரும் முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை. டிரைவர் அண்ணன், "ட்ரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன், கெட்டியாப் புடிச்சிக்கோங்க" என்று வண்டியைத் திருப்பினாராம்.

இங்கே நான் என் குழந்தையின் குரலைக் கேட்டுவிட்டேன். பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். என் கன்னத்தோடு ஒருமுறை வைத்துக் காட்டிவிட்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவரை என்னோடு பேசிக்கொண்டே இருந்த டாக்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். எனக்குக் குளிர ஆரம்பித்தது. பல் தந்தியடித்தது. தொங்கிக்கொண்டிருந்த ரத்தப் பை சுருங்கிப்போயிருந்தது. டிராஃபிக்கில் மாட்டிய அந்த இன்னொரு பை இன்னும் வந்து சேரவில்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பப் பயந்துவிட்டேன். முருகா, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் அக்கா வந்தார்.

"மேடம், ஆள் வந்தாச்சு! ஒரு பஸ்ஸே வந்திருக்கு!"

அந்த அரை மயக்கத்திலும் எனக்கு அந்தக் குரல் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். சோதனையெல்லாம் முடிந்து எனக்கு ரத்தம் ஏறியதும், ரத்தப்போக்கு நின்றதும் எனக்குத் தெரியாது.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில், நர்ஸ் அக்காவுக்குப் பயந்து சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். அந்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்து, "வீட்டுக்கு அனுப்பச் சொன்னது நீங்கதானா?" என்று கேட்டாராம். அதிலிருந்து அவர் ஊசி போடக் கூட்டிவந்த பிள்ளை மாதிரி நின்றார். வெளியே இருந்த போலீஸ்காரர், வராந்தா முழுக்க யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்துப் பதறி, "எந்தக் கம்பெனிப்பா ஸ்டிரைக்கு?" என்று விசாரித்ததையும் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். தையல் வலித்தது. வலித்தாலும் சிரித்தோம்.

என் பெண் ஒரு வாரம் வெதுவெதுப்பான பெட்டிக்குள் இருந்தாள். நான் வேளாவேளைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். அந்த ஒரு வாரம் வார்டில் நேரம் போனதே தெரியவில்லை. என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒடிசாக்காரப் பெண், அந்தப் பக்கம் ஜார்கண்ட் பெண், எதிரே ஸ்ரீபெரும்புதூர் பூக்காரம்மாவின் மகள். பிரசவ அறையிலிருந்து, "ஜோர் லகாவ்! நல்லா முக்கும்மா, இன்னும் கொஞ்சம் ஜோர் லகாவ்ம்மா!" என்று நர்ஸ் அக்காவின் திருநெல்வேலி இந்தி கேட்கும். பிறகு ஒரு அழுகைச் சத்தம். வார்டே ஆணா பெண்ணா என்று எட்டிப் பார்க்கும்.

வார்டில் ரொம்ப வருஷமாக இருக்கும் ஆயாம்மா ஒருத்தர், சாயந்திரம் வந்து உட்கார்ந்து கதை சொல்வார். இந்த ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் ஓடு போட்ட நாலு ரூம்தானாம். அப்போதெல்லாம் ஏரிக்கரையில் பாம்பு கடித்தவர்களும், வயலில் அரிவாள் பட்டவர்களும்தான் வருவார்களாம். "அப்புறம் கம்பெனி வந்துச்சு. மெஷின்ல வெரல் மாட்டிக்கினவன், பைக்ல வுழுந்தவன்னு வந்தானுங்க. அப்புறம் அவனுங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. இப்போ பாரு, புள்ளையா வந்துக்கினே கீது!" என்று கையைத் தட்டிச் சிரிப்பார். கட்டிடம் மாடி மேல் மாடியாக வளர்ந்ததையும், ரத்த வங்கி வந்ததையும், குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு வந்ததையும் ஏதோ தன் சொந்த வீட்டுக்கு அறை கட்டின மாதிரி சொல்வார்.

என் மாமியார் முதல் இரண்டு நாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஒடிசாப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது ஆஸ்பத்திரி வண்டியே இலவசமாக எங்கள் வாசல் வரை கொண்டுவந்து விட்டது. எங்கள் தெரு முனையில் வண்டி திரும்பும்போது, எல்லோரும் பார்க்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியை மாமியாரே இறக்கிவிட்டார்.

உடம்பு தேறியதும் எனக்கு ரத்தம் கொடுத்தது யார் என்று தேடினேன். ரத்த வங்கியில் கேட்டால், அதைச் சொல்வது வழக்கமில்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்கள். என் தோழிக்கும் தெரியவில்லை. பொருந்துகிற வகை என்று நாலைந்து பேர் வந்தார்கள், அதில் யாருடையதை எடுத்தார்களோ, பாதிப் பேர் வேறு கம்பெனி, முகத்தில் கவசம் வேறு என்றாள். லீவு முடிந்து வேலைக்குப் போனபோது லைனில் கேட்டேன். அது பெரிய தப்பாகப் போய்விட்டது. "நான்தான் குடுத்தேன், ஒரு டீ சொல்லு" என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். சூப்பர்வைசர்கூட வந்து கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

நான் பொதுவாகச் சண்டைக்காரி. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு, கேன்டீன் வரிசையில் நடுவில் புகுகிறவர்களோடு, காலை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களோடு, எதற்கும் விடமாட்டேன். இப்போது வாயைத் திறக்கும்போதே, ஒருவேளை இவராக இருக்குமோ என்று தோன்றிவிடுகிறது. எதிர்க் கம்பெனிக் காக்கிச் சட்டைக்காரர் முன்னால் இடித்துக்கொண்டு ஏறினாலும் தோன்றுகிறது. யாரென்று தெரிந்திருந்தால் அவருக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மற்றவர்களோடு பழையபடி மல்லுக்கு நின்றிருப்பேன். தெரியாமல் போனதால், ஷிப்ட் விடுகிற நேரத்தில் அந்த ரோட்டில் வருகிற எல்லோருமே எனக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள்.